புதிய பல்செட்: பழகும் வரையிலான வாரங்கள்

எடை குறைந்து, சோர்வுற்று முதியோர் நலப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பல்செட் கட்டியிருக்கிறீர்களா? அது இப்போது எங்கே இருக்கிறது?" "வீட்டில் டப்பாவில் இருக்கிறது" என்று விடை கூறுவோர் பலர். சில நாள் அணிந்து பார்த்திருப்பார்கள்; வலித்திருக்கும், ஆடியிருக்கும், பேச்சு குழறியிருக்கும். கழற்றி வைத்த பிறகு கரைத்த சோறே உணவாகிவிடுகிறது. காயும் சுண்டலும் மீனும் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலகுகின்றன. விருந்துகளுக்குச் செல்வதும் நின்றுபோகிறது. இந்த இழப்பு வாயோடு முடிவதில்லை என்பதாலேயே, பொதுவாகப் பல் மருத்துவர்கள் பேசும் இப்பொருளைக் குறித்து நாங்களும் எழுதுகிறோம்.

ஏன் உடனே பொருந்துவதில்லை?

இயற்கைப் பல்லின் வேர் எலும்பினுள் ஊன்றி நிற்கிறது. முழுப் பல்செட்டோ மென்மையான ஈற்றின் மேல் அமர்ந்திருக்கிறது. மேல்செட் அண்ணத்தையும் மூடிக்கொள்வதால், இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. கீழ்செட்டுக்கு அத்தனை பரப்பு இல்லை. பக்கத்தில் நாக்கும் ஓயாமல் அசைகிறது. ஆகவே கீழ்செட் சற்றே ஆடுவது ஏறத்தாழ எல்லோருக்கும் உள்ளதே. மெல்லும் வலுவும் பழைய பற்களின் வலுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

முதல் சில நாட்களில் உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கும். அது தானாகவே குறையும். செட்டைத் தாங்கிப் பிடிக்க நாக்கும் கன்னத் தசைகளும் கற்றுக்கொள்ள வேண்டும். பலருக்கு இதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகின்றன. அணிந்தால்தான் பழகும், கழற்றி வைத்த நாட்கள் கணக்கில் சேரா.

உணவும் பேச்சும்

முதல் வாரத்தில் இட்லி, இடியாப்பம், குழைந்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், வேகவைத்த முட்டை ஆகியவை ஏற்றவை. அடுத்து, நன்கு வெந்த காய்கறி, குழம்பில் ஊறிய சப்பாத்தி என முன்னேறலாம். சிறு துண்டுகளாக எடுத்து, இருபுறமும் ஒருசேர மெல்ல வேண்டும். முன்பற்களால் கடித்து இழுத்தால் செட் பின்புறம் தூக்கிக்கொள்ளும். அண்ணம் மூடப்பட்டிருப்பதால் சூடும் மீன்முள்ளும் முன்போல் புலப்படா. காப்பியை ஆற்றிக் குடியுங்கள், முள்ளை முன்னதாகவே நீக்கிவிடுங்கள்.

மேற்பல்லை நாக்கு தொட்டுப் பிறக்கும் த, ந முதலிய ஒலிகளும், மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்து பிறக்கும் வகரமும் தொடக்கத்தில் பிசகும். நாள்தோறும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படிப்பது நல்ல பயிற்சி.

புண் வந்தால்

செட் அழுத்தும் இடத்தில் புண் வருவது வழக்கமே. உப்புத்தாளாலோ கத்தியாலோ நீங்களே தேய்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள். செட் மீட்க இயலாதவாறு கெட்டுவிடும். பல் மருத்துவரிடம் செல்வதற்கு முந்தைய நாள், வலி பொறுக்கும் அளவுக்கு அணிந்திருந்தால், அழுத்தும் இடம் அவருக்குத் தெளிவாகத் தெரியும். ஒன்றிரண்டு முறை இவ்வாறு சென்று சரிசெய்துகொள்வதும் சிகிச்சையின் பகுதியே. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவாயினும் கட்டாயம் காட்ட வேண்டும். புகையிலை, வெற்றிலைப்பாக்குப் பழக்கம் உடையவர்கள் இதில் சற்றும் தாமதிக்கலாகாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வாய் வலியால் உணவைக் குறைத்துவிட்டு, இன்சுலினையோ மாத்திரையையோ வழக்கம்போல் எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் தோன்றினால், விழிப்போடு இருப்பவருக்கு உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுங்கள். பிறகு எங்களை அழையுங்கள். நினைவு தவறியவருக்கு வாயில் எதுவும் புகட்டாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மருந்தின் அளவை நீங்களாகவே மாற்ற வேண்டாம். உணவு குறைந்திருப்பதைத் தெரிவித்தால் நாங்கள் மாற்றித் தருவோம்.

இரவும் தூய்மையும்

மருத்துவர் வேறு கூறாதவரை இரவில் செட்டைக் கழற்றி ஈற்றுக்கு ஓய்வு கொடுங்கள். இரவும் பகலும் அணிவோருக்கு அண்ணத்தில் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும். மென்மையான பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் கொண்டு கழுவி, குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். பற்பசை கீறலை உண்டாக்கும். கொதிநீர் வடிவத்தைக் கெடுக்கும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் நீர் இருந்தால், கை தவறினாலும் உடையாது.

மருத்துவமனையில் சேரும்போது பல்செட் இருப்பதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் அதைக் கழற்ற வேண்டியிருக்கலாம். பெயர் எழுதிய டப்பாவில் வையுங்கள். காகிதத்தில் சுற்றி வைத்தவை குப்பையோடு போய்விடுகின்றன.

குடும்பத்தாருக்கு

உணவு வேளையில் அவசரப்படுத்தாதீர்கள். அவர்களுக்கெனத் தனியாகக் கஞ்சி வைப்பதைவிட, வீட்டுச் சமையலையே இன்னும் சிறிது குழைய வேகவைத்து, எல்லோரோடும் அமரச் செய்யுங்கள். பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள் என்பதற்காகவே பல்செட்டைக் கழற்றி வைத்த தாத்தா பாட்டிகளை நாங்கள் அறிவோம். மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

பற்களை எடுத்த முதல் ஆண்டில் தாடை எலும்பு விரைவாகக் குறைவதால், நன்றாகப் பொருந்திய செட்டும் பின்னர் தளரலாம். உட்புறம் புதிய பூச்சு வைத்து அதைச் சரிசெய்ய இயலும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டு டப்பாவில் பல்செட் ஒன்று உறங்கிக்கொண்டிருந்தால், அடுத்த முறை வரும்போது அதையும் எடுத்து வாருங்கள். சரிசெய்யக்கூடியதா என்று பார்ப்போம்.