எட்டாத குழாயும் கழுவாத கையும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சுத்தம் போதாது என்று பட்டணத்தில் யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நெகிரி செம்பிலானில் தோட்டப்புறப் பாலர் வகுப்பு ஒன்றுக்கு வாரம் ஒரு நாள் உதவிக்குப் போய் வருகிறேன். “சாப்பிடுறதுக்கு முன்னால என்ன செய்யணும்?” என்று கேட்டால், “கை கழுவணும் டீச்சர்!” என்று கூரை அதிரும். மணியடித்ததும் அதே பிள்ளைகள் நேராக நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். தெரியாமல் இல்லை. குழாய் அவர்கள் தலைக்கு மேலே இருந்தது; சவர்க்காரம் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது.

பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, முதலில் குழாயடியில் ஏறி நிற்க ஒரு பலகைப் படி செய்து போட்டோம். ஆரஞ்சுப்பழம் வரும் வலைப்பையில் சவர்க்காரத்தைப் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டோம். சவர்க்காரம் கீழே விழுவதில்லை, தொலைவதில்லை. பிசைந்தாலே நுரை வரும். தண்ணீர் தடைப்படும் நாளுக்கென்று, அடியில் திருகு வைத்த ஒரு வாளியும் உண்டு. அந்த வாரமே பிள்ளைகள் வரிசை பிடித்து நின்றார்கள், படியில் ஏறும் ஆசையில்தான்! காரணம் எதுவானால் என்ன?

எவ்வளவு நேரம் தேய்ப்பது? இருபது விநாடி என்றால் ஐந்து வயதுக்குப் புரியாது. நிதானமாக ஒன்று முதல் பத்து வரை தமிழில், பிறகு ‘சத்து, டுவா, தீகா’ என்று மலாயில் பத்து. எண்ணும் படித்தாயிற்று, கையும் கழுவியாயிற்று. சவர்க்காரம் எதற்கு என்று காட்ட, உள்ளங்கையில் எண்ணெய் தடவிப் பட்டைத்தூள் தூவினோம். வெறும் தண்ணீரில் தூள் அசையவில்லை, சவர்க்காரம் பட்டதும் ஓடிவிட்டது. அதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் அப்பாவின் கையையும் சோதிக்கத் தொடங்கிவிட்டதாகப் புகார் வந்தது.

அந்தக் காலத்தில் இந்த வேலையை ஆயாக் கொட்டகை செய்தது. அம்மா விடியற்காலையில் பால் வெட்டப் போய்விட, ஆயாதான் ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்துக் கழுவிவிடுவார். கொட்டகை இல்லாத இடங்களில் இன்று பாட்டிகள்தாம் ஆயா. ஆகவே அவர்களையும் வகுப்புக்கு அழைத்தோம். நாங்கள் ஒரு மாதம் சொல்லியும் நடக்காத நகம் வெட்டும் வேலையை அவர்கள் ஒரே காலையில் முடித்தார்கள்.

இளம் பெற்றோர் சிலர் பையில் கைத்தூய்மி ஜெல் வைத்து அனுப்புகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கை, கால், வாய் நோயைப் பரப்பும் என்டெரோவைரஸ் கிருமிகளிடம் ஆல்கஹால் ஜெல் அவ்வளவாக எடுபடாது. சவர்க்காரமும் தண்ணீரும்தான் நம்பகம். 1997-இல் சரவாக்கில் இந்நோய் பரவியபோது சின்னஞ்சிறு பிள்ளைகளின் உயிரே போனது. கொப்புளமும் காய்ச்சலும் கண்டால் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பாதீர்கள். நாள்கூலி வாங்கும் தாய்க்கு இது எவ்வளவு சிரமம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

கை மட்டும் போதாது, காலும் உண்டு. 1915 முதல் 1917 வரை சாமுவேல் டார்லிங் தலைமையில் ராக்கெஃபெல்லர் அறநிறுவனத்தின் மருத்துவக் குழு மலாயா, ஜாவா, ஃபிஜியில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. ரப்பர் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களின் இரத்தத்தை உறிஞ்சிச் சோகை பிடிக்க வைத்த புழு அது. அதன் இளம்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாகவே உடலுக்குள் நுழையும். எத்தனை முறை கை கழுவினாலும் அதைத் தடுக்க முடியாது. வட்டப்புழுவின் முட்டையோ அழுக்குக் கை வழியாக வாய்க்குள் போகும். ஆக, ஒன்றுக்குச் சவர்க்காரம், மற்றொன்றுக்குச் சிலிப்பர்.

கழிப்பறை வாசலில் நான்கு ஜோடி சிலிப்பர் வாங்கி வைத்தோம். வாரம் ஒரு ஜோடி காணாமல் போனது. பிறகு ஒரு பாட்டி யோசனை சொன்னார். இப்போது இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. ஒன்றும் தொலைவதில்லை.