முகவரி எண்ணாகுமா? எண் முகவரியாகுமா?



எங்கள் அப்பா நம்ம ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பாதி வேலை கடையில், பாதி வேலை கிணற்றடியில். "மோட்டாரு ஓடல, சீக்கிரம் வாங்க" என்று போன் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். யார் கிணறு எங்கே என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. கடை நோட்டில் விவசாயி பெயருக்குப் பக்கத்தில் அவர் எழுதியிருப்பது இப்படித்தான்: "ஏரிக்கரை தாண்டி ஒத்தப் பனை, கெழக்கால ரெண்டாவது கொட்டாய்." கதவு எண் கிடையாது. கிணற்றுக்கு ஏது கதவு!

போன கோடையில் அப்பா வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த அண்ணனுக்கு வேலை தெரியும், வழி தெரியாது. ஒரு விவசாயியின் முகவரியை போன் வரைபடத்தில் தட்டினார். உடனே சிவப்புப் புள்ளி வந்தது. நம்பிப் போனால் அது கடைத்தெரு நடுவில் நிற்கிறது! அவர் விசாரித்துப் போய்ச் சேர்வதற்குள் அந்த விவசாயி வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெண்டை வாடும்போது எவ்வளவு நேரம் காத்திருப்பார்? அந்த வாடிக்கை போனது போனதுதான்.

புள்ளி ஏன் கடைத்தெருவில் விழுந்தது? முகவரியைக் கொடுத்து அட்சக்கோடு, தீர்க்கக்கோடு எண்களை வாங்குவதற்கு ஜியோகோடிங் என்று பெயர். கம்ப்யூட்டர் முகவரியைத் துண்டு துண்டாகப் பிரிக்கும்: கதவு எண், தெரு, ஊர், வட்டம், மாவட்டம், பின்கோடு. ஒவ்வொன்றையும் தன் பட்டியலில் தேடும். கதவு எண் கிடைக்கவில்லையா, தெருவை எடுத்துக்கொள்ளும். தெருவும் இல்லையா, ஊர். ஊரிலும் குழப்பமா, பின்கோடு பகுதிக்கு நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிடும். "தெரியல" என்று சொல்ல அதற்கு மனசு வராது. பெரிய கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கும் சேவைகளில், இது வீடு வரை கிடைத்ததா, ஊர் வரைதானா என்ற குறிப்பும் புள்ளியோடு சேர்ந்து வரும். நம் போனில் எல்லாப் புள்ளியும் ஒரே சிவப்புதான்.

பெயரிலும் சிக்கல் இருக்கிறது. நாம் எழுதுவது கச்சிராயபாளையம், பேசுவது கச்சிராப்பாளையம். மலைமேல் இருக்கிற வெள்ளிமலையைத் தேடினால், கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஒரு வெள்ளிமலை இருக்கிறது. 26.11.2019 அன்று நம் மாவட்டம் பிரிந்தது. பழைய பில்களில் இன்னும் விழுப்புரம் மாவட்டம்தான்.

இந்தத் தொல்லை தபால்காரருக்கும் இருந்தது. ஒரே பெயரில் பல ஊர், பல மொழியில் பல எழுத்து. அதற்காகத்தான் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி பின்கோடு முறையை உருவாக்க, 15.8.1972 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒரு பின்கோடுக்குள் பல கிராமங்கள் அடங்கும். கடிதத்துக்கு அது போதும், ஏனென்றால் மீதி வழி தபால்காரருக்குத் தெரியும். கிணற்றுக்குப் போதாது.

விடுமுறையில் நோட்டோடு உட்கார்ந்தேன். 63 பெயர்கள். தேடிக் கண்டுபிடிப்பதை விட, போய் நின்று எண்ணைக் குறிப்பதே சரி என்று முடிவு செய்தேன். சைக்கிளில் ஒவ்வொரு கொட்டாயாகப் போய் போனில் எண்ணைப் பார்த்து எழுதினேன். தூரத்து விவசாயிகள் வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பினார்கள்.

எத்தனை தசமம் எழுத வேண்டும் என்பது முக்கியம். ஒரு டிகிரி அட்சக்கோடு சுமார் 111 கி.மீ. இரண்டு தசமம் எழுதினால் ஒரு கிலோமீட்டர் பிசகலாம். நாலு தசமம் எழுதினால் 11 மீட்டர்தான். ஐந்து எழுதினால் ஒரு மீட்டருக்கு வந்துவிடும். போனே சில மீட்டர் தவறு செய்யும் என்பதால் அதற்கு மேல் எழுதுவது வீண்.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும் தெரியுமா? கள்ளக்குறிச்சி 11.74 வடக்கு, 78.96 கிழக்கு. ஸ்பேர் வாங்கும் கடைக்கு நான் 78.96, 11.74 என்று மாற்றிப் போட்டுவிட்டேன். போன் என்னை வட துருவத்துப் பக்கம் நார்வேயின் சுவால்பார்டு தீவுக்குக் கொண்டுபோனது! அதற்குச் சில கிலோமீட்டரில்தான், 2008-ல் தொடங்கிய இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறதாம். அப்பா கட்டிலில் படுத்தபடியே, "அங்கேயும் ஒரு மோட்டாரு இருக்கும், பாத்துட்டு வா" என்றார்.

அடுத்தது தலைகீழ் வேலை. எண்ணைக் கொடுத்து ஊர்ப்பெயர் வாங்குவது ரிவர்ஸ் ஜியோகோடிங். எந்த ஊர் என்று தெரிந்தால்தான் பில்லில் போக்குவரத்துக் கூலி போட முடியும். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். புள்ளிக்கு மிக அருகில் உள்ள ரோடு அல்லது கட்டடத்தின் பெயரைச் சொல்வது ஒன்று. புள்ளி எந்த எல்லைக்கோட்டுக்குள் விழுகிறது என்று பார்ப்பது மற்றொன்று. முதல் முறையில் கோமுகி ஆற்றுக்கு இந்தப் பக்கக் கிணற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப்பெயர் வந்தது. நேர்க்கோட்டில் அதுதான் கிட்ட! போகும் வரிசையையும் நான் அப்படியே போட்டிருந்தேன். "ஆத்துல எறங்கியா போவான்?" என்று அப்பா சிரித்தார். பிறகு ரோட்டு வழியை வைத்து மாற்றி எழுதினேன்.

பட்டாவில் உள்ள சர்வே எண்ணையும் சேர்த்துக்கொண்டேன். ஆனால் அதே எண் அடுத்த வருவாய்க் கிராமத்திலும் இருக்கும், கிராமப் பெயர் இல்லாமல் எழுதிப் பயனில்லை.

2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற ஒன்றை வெளியிட்டது. ஐதராபாத் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. நாட்டை 16 கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி 16 ஆக, இப்படிப் பத்து தடவை பிரித்தால் கடைசியில் சுமார் 4 மீட்டர் சதுரம் கிடைக்கும். அதற்குப் பத்து எழுத்தில் ஒரு பெயர். தெருவே தேவையில்லை, வெறும் கணக்கு. எங்கள் கிணறுகளுக்கு ஏற்றது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நோட்டில் அதற்கும் ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறேன்.

இப்போது அப்பா நடக்கிறார். கடை அண்ணன் எண்ணைப் பார்த்து நேராகப் போய்விடுகிறார். ஒத்தப் பனையை மட்டும் நான் அழிக்கவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்தால் வேண்டுமே.

63-ல் 9 பாக்கி. எல்லாம் கல்வராயன் மலையில். அங்கே பல இடங்களில் டவர் கிடைக்காது, ஆனால் எண் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் டவர் இல்லாமலும் கிடைக்கும். காலாண்டு விடுமுறையில் அப்பா வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகப் போகிறேன்.

– பிளஸ் ஒன் மாணவன்