கிணற்றுக் கல்லும் சிங்கப் பல்லும்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தெரியும்: செம்மண் சீக்கிரம் முடிந்துவிடும், பிறகு கல்லுடைத்துத்தான் இறங்க வேண்டும். வெளியே குவியும் வெள்ளைக் கல்லைக் கழுவிப் பார்த்தால் சிப்பியும் முருகையும் பதிந்த தடம் தெரியும். மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் அது. அந்தக் காலம் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. இன்று வாழைத் தோட்டம் நிற்கும் இடம் அப்போது ஆழமில்லாத கடலின் அடி.

“அப்ப இங்க சிங்கம், காண்டாமிருகம் ஒன்றும் இருக்கேல்லையோ?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்.

வெட்டையில் செத்த விலங்கை நரி இழுக்கும். மிச்சத்தை வெயிலும் மழையும் உதிர்த்துவிடும். எலும்பு உயிர்ச்சுவடாக வேண்டுமானால் சேறோ சரளையோ அதை விரைவாக மூட வேண்டும். அதற்கு ஆறு வேண்டும். நம்மிடம் இருப்பது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு. மற்ற மழையெல்லாம் கல்லுக்குள் இறங்கிவிடும். இரத்தினபுரியில் அப்படியில்லை. அங்கே வயலுக்கடியில் பழைய ஆறுகள் விட்டுப்போன சரளைப் படை இருக்கிறது. ‘இல்லம்’ என்பார்கள். இரத்தினக்கல் தேடி அதை அள்ளிக் கூடையில் அரிக்கும்போது பல்லும் எலும்புத் துண்டும் சேர்ந்து வரும்.

அவற்றைத் தேடிச் சேர்த்தவர் கொழும்பு அருங்காட்சியகத்துக்குத் தலைமை வகித்த பி. ஈ. பி. தெரணியகல. நீர்யானை, காண்டாமிருகம் எல்லாம் அவர் கணக்கில் வந்தன. 1939 இல் இலங்கைச் சிங்கத்துக்குப் பெயர் வைத்தார். கையில் இருந்தவை இரண்டே பற்கள். நாட்டுக் கொடியில் வாளேந்தி நிற்கும் விலங்குக்கு மண் தந்த சாட்சி அவ்வளவுதான். உடம்பிலேயே கடினமானது பல்லின் மிளிரி. அதனால்தான் எலும்பு போனாலும் பல் நிற்கிறது. புலியும் இருந்திருக்கிறது போலும். இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிற்றப் பக்கம் கிடைத்த, சுமார் 16,500 ஆண்டு பழைய விரலெலும்பொன்றைப் புலியினது என்று 2005 ஆய்வொன்று சற்றுத் தயக்கத்தோடு சொல்கிறது.

இவை எப்படி வந்தன? பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்குக் கடலோ பல இடங்களில் சில பாகம் ஆழந்தான். அப்போது அது முழுவதும் தரை! அப்படித் தாழ்ந்த காலங்கள் அதற்கு முன்னும் பல வந்தன. இந்தியாவிலிருந்து நடந்து வந்தவை வடக்கு வழியாகவே வந்திருக்கும். நீர்வேலியை மிதித்தன என்று சத்தியம் செய்ய முடியாது. விலகிப் போயிருக்கவும் காரணமில்லை.

பனி உருக, கடல் ஏறி வழியை அடைத்தது. காலநிலை மாறி, புல்வெளி இருந்த இடத்தில் காடு வந்தது. வேட்டைக்கார மனிதரும் இருந்தார்கள். தீவில் தொகை குறைந்தால் ஈடுசெய்ய அக்கரையிலிருந்து புதிது வராது. மூன்றில் எது கொன்றது என்று கேட்டால், மூன்றும் சேர்ந்திருக்கலாம் என்பேன். திறந்த வெளியில் மந்தையை வேட்டையாடும் சிங்கம் போய்விட்டது. மரமேறி, குரங்கோ முயலோ அகப்பட்டதைத் தின்னும் சிறுத்தை வில்பத்துக் காட்டில் இன்னும் திரிகிறது.