கொரியர் வீட்டுக் கடை

அமெரிக்காவில் வாழும் மகனையோ மகளையோ காணச் செல்லும் நம் பெற்றோருக்கு அங்குள்ள பேரங்காடிகள் முதல் வாரம் வியப்பையும் இரண்டாம் வாரம் அயர்வையும் தருகின்றன. ஒளியும் குளிரும் நிறைந்த அந்த மண்டபங்களில் எல்லாம் உண்டு. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரங்களுக்குச் செல்வோர், அருகில் கொரியக் குடும்பம் ஒன்று நடத்தும் சிறு மளிகைக் கடை இருக்கின்றதா என்று விசாரித்துப் பார்க்கலாம். இருந்தால் பையை எடுத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள்.

கதவைத் திறந்ததும் உங்களை வரவேற்பது நெத்திலிக் கருவாட்டின் மணமாக இருக்கக்கூடும். கொரியர் சமையலில் நெத்திலிக்குத் தனியிடம் உண்டு. விரல் நீளமுள்ளதைக் கடற்பாசித் துண்டோடு சேர்த்துக் கொதிக்கவைத்துச் சாறு இறக்குவர். பல குழம்புகளுக்கு அச்சாறே அடிப்படை. பொடி நெத்திலியைச் சோயாச் சாறும் சர்க்கரைப் பாகும் விட்டு வறுத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வர். ஆகவே எதற்காக வாங்குகிறோம் என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் கடைக்கார அம்மையாரே கையசைவினால் கேட்டுவிடுவார்.

அடுத்த அடுக்கில் செந்நிறப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அது ‘கொச்சுஜாங்’ என்னும் மிளகாய் விழுது. மிளகாய்ப் பொடி, ஒட்டரிசி, புளிக்கவைத்த சோயா மாவு, உப்பு ஆகியவை சேர்ந்து பதப்பட்டது. நம் நாட்டைப் போலவே கொரியாவுக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த விருந்தாளிதான். இன்று இரு நாட்டாரும் அது இன்றி உண்பதில்லை. பக்கத்தில் பழுப்பு நிறத்தில் இருக்கும் ‘த்வென்ஜாங்’ வெறும் சோயாவைப் புளிக்கவைத்த விழுது. அதன் வாடை முதல்முறை முகர்வோரை இரண்டடி பின்வாங்கச் செய்யும். நம் கருவாட்டுக் குழம்பைப் பற்றி அயலார் என்ன சொல்வர் என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பின்வாங்கல் ஓரடியாகக் குறையும்!

அரிசி வாங்குவோர் கவனிக்க: இங்கு விற்பது சமைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும் குறுநெல் அரிசி. பெரும்பாலும் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோப் பள்ளத்தாக்கில் விளைந்தது. உதிரி உதிரியான சோற்றை எதிர்பார்த்து இதை வாங்கிச் செல்வது வீண். முள்ளங்கியோ நம்மூர் முள்ளங்கியைப் போல் மும்மடங்கு பருமன். சாம்பாருக்கு நன்றாகவே பொருந்தும். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அகன்ற இலையைக் கட்டுக்கட்டாக வைத்திருப்பர். அதில் சோற்றையும் இறைச்சியையும் மடித்து உண்பது அவர்கள் வழக்கம். நவம்பர் மாதமானால் கடை வாசலில் நீண்ட முட்டைக்கோசுகள் பெட்டி பெட்டியாகவும், கல்லுப்பு மூட்டை மூட்டையாகவும் வந்து இறங்கும். குளிர்காலம் முழுமைக்கும் வேண்டிய கிம்ச்சி ஊறுகாயைக் குடும்பங்கள் கூடிப் போடும் பருவம் அது. ‘கிம்ஜாங்’ என்னும் இவ்வழக்கத்தைத் தென்கொரியாவின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ நிறுவனம் 2013இல் தன் பட்டியலில் சேர்த்தது.

சிறு கடையின் தனிச்சிறப்பு குளிர்ப்பெட்டியின் ஓரத்தில் இருக்கின்றது. அங்கே அச்சிட்ட பெயர் ஏதுமின்றி ஒளி ஊடுருவும் டப்பாக்களில் கிம்ச்சி, முளைப்பயறு, கீரை, வறுத்த மீன் முதலியன இருக்கும். பின்கட்டுச் சமையலறையில் கடைக்காரரின் மனைவியோ தாயோ அன்று காலை செய்தவை அவை. பேரங்காடியில் கிடைக்காத பொருள் எதுவெனில் இதுதான்.

பொருள்களை எடுத்து வைத்து, விலை கொடுத்த பின்னும் ஒரு நிகழ்ச்சி மிச்சமிருக்கின்றது. இரண்டு பச்சை மிளகாயோ, ஒரு பிடி வெங்காயத்தாளோ, குழந்தை உடன் வந்திருந்தால் ஒரு மிட்டாயோ பையில் விழும். கொரியர் இதைத் ‘தொம்’ என்பர். நம் தமிழில் இதற்கு அப்படியே ஒரு சொல் இருக்கின்றது: கொசுறு. ஆங்கிலம் மட்டும் அறிந்தோருக்கு இவ்வழக்கத்தை விளக்க ஒரு பத்தி தேவைப்படும். நமக்கு ஒரு சொல் போதும்.

கொரிய வாடிக்கையாளர்கள் கடைக்கார அம்மையாரை ‘இமோ’ என்று அழைப்பதுண்டு. தாயின் உடன்பிறந்தாள், சித்தி அல்லது பெரியம்மா, என்று பொருள். அவ்வீட்டுப் பிள்ளைகள் தந்தையை அழைப்பதோ ‘அப்பா’ என்றே. தாயை ‘ஒம்மா’ என்பர். இதை வைத்து மொழியுறவு கொண்டாடப் புறப்படுவோர் நம்மிடையே உளர். மழலையின் வாயில் உலகெங்கும் இத்தகைய ஒலிகளே முதலில் வருகின்றன என்பதால், அந்த ஆராய்ச்சியில் நாம் இறங்க வேண்டாம்.

இக்கடைகளை நிறுவியோர் கொரியாவில் பரம்பரை வணிகர்களாக இருந்தவர்கள் அல்லர் என்பதே பலரும் அறியாத செய்தி. அமெரிக்கா 1965இல் தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்திய பிறகு வந்தவர்களுள் கல்லூரிப் பட்டம் பெற்றோர் பலர். ஆசிரியராகவும் அலுவலராகவும் இருந்தவர்கள் அவர்கள். ஆங்கிலம் நாவில் புரளாத குறையினால் அந்தப் பட்டங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. அவ்வேளையில் நியூயார்க் நகரின் காய்கனிக் கடைகளை நடத்திவந்த இத்தாலிய, யூதக் குடும்பத்தினர் முதுமையெய்தி, பிள்ளைகள் வேறு தொழில் நாடியதால், கடைகளை விற்கத் தொடங்கியிருந்தனர். கொரியர் அவற்றை வாங்கினர். தம் நாட்டு உணவுப் பொருள்களை விற்றோர் சிலர். எல்லா மக்களுக்கும் காய்கனி விற்றோர் மிகப் பலர்.

முதலுக்கு என்ன செய்தனர்? வங்கி கடன் கொடுக்காத இடத்தில் ‘கியெ’ கைகொடுத்தது. எடுத்துக்காட்டாக, இருபது பேர் மாதந்தோறும் ஆளுக்கு ஆயிரம் டாலர் போடுவர். முறை வந்தவர் இருபதாயிரத்தையும் மொத்தமாக எடுத்துக்கொள்வார். நம் வீட்டுப் பெண்கள் போடும் சீட்டேதான். சீட்டைப் போலவே இதற்கும் பத்திரத்தைவிட நாணயமே பிணை. சீட்டைப் போலவே சில வேளை கவிழ்ந்ததும் உண்டு.

உழைப்புக்கு வேறு இடம் தேடவில்லை. பிராங்ஸ் பகுதியில் 1967இல் திறக்கப்பட்ட ஹண்ட்ஸ் பாயிண்ட் மொத்தச் சந்தைக்குத் தந்தை விடியுமுன்னரே சிறு லாரியில் புறப்படுவார். தானே தொட்டு, முகர்ந்து, பேரம் பேசி வாங்குவார். தாய் கல்லாவில் நிற்பார். பாட்டி பூண்டு உரிப்பார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பழப்பெட்டியின் மேல் புத்தகத்தை விரித்துப் பாடம் எழுதுவர். இடையே அரசாங்கக் கடிதம் வந்தால் பத்து வயதுப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். பல கடைகள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருந்தன. நள்ளிரவில் நமக்கு மலிவாகக் கிடைக்கும் ஆரஞ்சில் ஒருவருடைய உறக்கத்தின் விலையும் ஒரு குழந்தையின் விளையாட்டு நேரமும் அடங்கியிருக்கின்றன. கடைக்காரர் முகத்தில் சிரிப்பில்லை என்று குறை சொல்லுமுன் அவர் எத்தனை மணிக்கு எழுந்தவர் என்று எண்ண வேண்டும்.

அந்தச் சிரிப்பின்மை சிறு செய்தியன்று. முன்பின் அறியாதவரைக் கண்ணோடு கண் நோக்காதிருப்பதும், மாற்றுப் பாலார் கையைத் தொடாமல் சில்லறையை மேசைமீது வைப்பதும் கொரியருக்கு அடக்கம். நிற வெறியால் தலைமுறை தலைமுறையாகப் புண்பட்ட கறுப்பின வாடிக்கையாளருக்கோ அதுவே அவமதிப்பாகத் தோன்றிற்று. கடைக்காரர் சிலர் வருவோரையெல்லாம் திருடரென ஐயுற்றுப் பின்தொடர்ந்ததும் உண்மை. புரூக்ளினில் 1990 ஜனவரியில், ஹெய்ட்டி நாட்டிலிருந்து குடியேறிய பெண்மணி ஒருவருக்கும் கடைக்காரர்களுக்கும் மூண்ட சச்சரவு ஓராண்டுக்கும் மேற்பட்ட புறக்கணிப்புப் போராட்டமாக வளர்ந்தது. அந்நகரின் முதல் கறுப்பின மேயரான டேவிட் டிங்கின்ஸ் அவ்வாண்டு செப்டம்பரில் தாமே அங்கே சென்று பழம் வாங்கினார். ஒரு மேயர் பழம் வாங்கியது நாட்டுச் செய்தியாயிற்று!

லாஸ் ஏஞ்சலஸில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1991 மார்ச்சில் லத்தாஷா ஹார்லின்ஸ் என்னும் 15 வயதுச் சிறுமி ஒரு புட்டி ஆரஞ்சுச் சாறு வாங்க வந்தாள். திருடினாள் என்று கடைக்காரப் பெண்மணி பற்றியிழுக்க, கைகலப்பு மூண்டது. திரும்பிச் செல்ல முற்பட்டவளை அவர் சுட்டுக் கொன்றார். விலைப்பணம் சிறுமியின் கையிலேயே இருந்தது. சுட்டவருக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள் விடுதலையான செய்தி கேட்டு நகரம் பற்றியெரிந்தபோது, கொரியர் கடைகள் 2,000க்கும் மேல் சூறையாடப்பட்டன அல்லது எரிக்கப்பட்டன. அவர்களது இழப்பு ஏறத்தாழ 40 கோடி டாலர். அந்நாளைக் கொரியர் ‘சா-இ-கு’, அதாவது நான்கு-இரண்டு-ஒன்பது, என்று எண்களாலேயே குறிக்கின்றனர். அவளைக் கொன்ற துப்பாக்கிக்கும் எரிந்த கடைகளுக்கும் பின்னால் வேறு பல காரணங்கள் இருந்தன. வறுமை, வேலையின்மை, காவல்துறையின் கொடுமை. ஆயினும் ஆண்டுக்கணக்காகக் கொடுத்து வாங்கிய இரு சாராரும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாதிருந்ததும் அவற்றுள் ஒன்றன்றோ?

ஆகவே கடைக்குச் செல்வோருக்குச் சில சொற்கள். நுழைந்ததும் இலேசாகத் தலை குனிந்து வணங்குங்கள். பணத்தை இரு கைகளாலும் கொடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல. தெரியாத பொருளை எப்படிச் சமைப்பது என்று கேளுங்கள். மொழி தடுமாறினாலும், கேட்டவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் கொரியத் தாய்மார் சலிப்பதில்லை. கதவருகே உள்ள அறிவிப்புப் பலகையில் வாடகை அறை, வேலை, கோயில் வழிபாட்டு நேரம் எல்லாம் ஒட்டியிருக்கும். அதையும் ஒருமுறை பாருங்கள். முழுப் பணத்தையும் அட்டையில் கொடுக்காமல் கொஞ்சம் ரொக்கம் வைத்திருப்பது நலம்.

செல்வதாயின் விரைந்து செல்லுங்கள். 1982இல் நியூயார்க்கின் வுட்சைடில் ஒரு மூலைக் கடையாகத் தொடங்கிய ‘எச் மார்ட்’ இன்று பல மாநிலங்களில் கிளை பரப்பிய பெருநிறுவனம். கிம்ச்சி தேடுவோர் அங்கேயே போய்விடுகின்றனர். வாடகையோ ஏறிக்கொண்டே போகின்றது. பழப்பெட்டியின் மேல் பாடம் எழுதிய பிள்ளைகள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆகிவிட்டனர். கடைக்குத் திரும்ப வேண்டாமென்று பெற்றோரே சொல்லிவிட்டனர். அதற்காகத்தானே கடையே வைத்தனர்! எழுபது வயதிலும் கல்லாவில் நிற்கும் முதியவரிடம் ஓய்வு எப்போது என்று கேட்டால், கடை வாடகை ஒப்பந்தம் முடியும் ஆண்டைச் சொல்லிவிட்டு, உங்கள் பையில் இரண்டு மிளகாயைப் போடுவார்.