முறிவு என்றால் உடைவதா?

சென்ற மாத அறிவியல் நேரம் முடிந்ததும் ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். மகன் ஜேர்மன் பள்ளியில் ஒளியின் 'பிரெகுங்' பற்றிப் படிக்கிறானாம். "நாங்கள் ஊரில் ஒளிமுறிவு என்று படித்தோமே, அதுவும் இதுவும் ஒன்றோ?" என்று கேட்டார்.

ஒன்றேதான். டொச்சிலும் அந்தச் சொல்லுக்கு உடைதல், முறிதல் என்றுதான் பொருள். ஆங்கிலத்தின் 'ரிஃப்ராக்சன்' கூட, உடைத்தல் என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதனை ஒளிவிலகல் என்பார்கள். எனக்கு முறிவுதான் பிடிக்கும். நீரின் மேற்பரப்பில் ஒளி சட்டென்று திசை மாறி, பிறகு நேராகவே போகிறது. தண்ணீர்க் குவளையில் சரிந்து நிற்கும் கரண்டி முறிந்ததுபோலத் தெரிவது அதனால்தான்.

ஏன் திசை மாறுகிறது? ஒளி காற்றில் செக்கனுக்கு ஏறக்குறைய 300,000 கிலோமீற்றர் போகும். நீரில் 225,000 தான். மாட்டுவண்டி ஒன்று தார் றோட்டிலிருந்து சரிவாக மணலுக்குள் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். முதலில் மணலைத் தொட்ட சில்லு மெதுவாகும், மற்றது பழைய வேகத்திலேயே ஓடும். வண்டி திரும்பிவிடும். இரண்டு சில்லும் ஒன்றாக இறங்கினால் திரும்பாது. நேர்குத்தாக விழும் ஒளியும் அப்படித்தான், முறியாது.

அந்த இரண்டு வேகங்களின் விகிதமே முறிவுச் சுட்டி. நீருக்கு அது 1.33. ஆகவே 2 மீற்றர் ஆழமான நீச்சல் தடாகம் நேர் மேலிருந்து பார்த்தால் 1.5 மீற்றர் போலத் தெரியும். சரிவாகப் பார்த்தால் இன்னும் குறையும். நீந்தப் பழகாத பிள்ளைகளைக் கண்ணால் அளந்து இறங்க விடாதீர்கள். கரையில் எழுதியிருக்கும் ஆழத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒலியும் முறியும். அது சூடான காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்லும். தெளிந்த இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே சூடு இருக்கும். மேலே போகும் ஒலி கீழ்நோக்கித் திரும்பும். தூரத்துக் கோயில் மேளம் இரவில் பக்கத்தில் கேட்பதற்கு ஊர் அடங்கியது ஒரு காரணம், இது மற்றக் காரணம். (இங்கே திருப்பம் மெதுவாக நடப்பதால் வளைவு என்றாலும் பொருந்தும்.)

சுவர் மூலைக்கு அப்பால் நிற்பவரின் குரல் கேட்பது வேறு சங்கதி. விளிம்பைச் சுற்றி அலை பரவுவதை எங்கள் புத்தகங்கள் 'கோணல்' என்றன, டொச்சில் 'பொய்குங்'. பிள்ளை இரண்டையும் குழப்பினால் இப்படிக் கேளுங்கள்: வேகம் மாறியதால் திரும்பியதா, விளிம்பைத் தாண்டியதால் பரவியதா? கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம். பதில் டொச்சில் வந்தாலும் பரவாயில்லை.