நாற்பது வயதில் சங்கீதம்: ஆசிரியரைத் தேடுவது எப்படி?

எங்கள் ஊர்களில் சங்கீத வகுப்பு என்றால் அது பிள்ளைகளுக்கானது. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள், க.பொ.த. சாதாரண தரத்தில் கர்நாடக சங்கீதம் என்று அவர்களுக்குப் பாதை தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த வயதில் வகுப்புக்குப் போக முடியாமல் போன ஒரு தலைமுறையும் இங்கு உண்டு. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது பத்து வயதாயிருந்தவர் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார். விட்ட இடத்திலிருந்து தொடங்க அவர் விரும்பினால் யாரிடம் போவது?

முதலில் ஒரு தயக்கத்தை நீக்க வேண்டும். வயது வந்தபின் சங்கீதம் வராது என்பது சரியல்ல. விரல்களும் குரலும் பிள்ளைகளுடையதைப் போல விரைவில் பழகாது என்பது உண்மைதான். ஆனால் கோயில் திருவிழாக்களிலும் வானொலியிலும் பல வருடங்களாகக் கேட்டுச் சேர்த்த கேள்வி ஞானம் பெரியவர்களிடம் இருக்கிறது. தாளக் கணக்கையும் அவர்கள் சொன்னவுடன் விளங்கிக்கொள்வார்கள்.

மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து, யாழ். பல்கலைக்கழகத்தோடு இணைந்த நுண்கலைப் பிரிவிலும், மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் படித்து வெளியேறியவர்கள் பலர் வீடுகளில் வகுப்பு நடத்துகிறார்கள். இவர்களில் பெரும்பாலானோருக்கு விளம்பரம் கிடையாது. அருகிலுள்ள பாடசாலையின் சங்கீத ஆசிரியரிடம் விசாரிப்பதும், கோயில் கச்சேரிக்கு வரும் பக்கவாத்தியக் கலைஞர்களிடம் கேட்பதும்தான் எளிய வழி.

ஆசிரியரைக் கண்டபின் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள். வளர்ந்தவர்களுக்குப் படிப்பித்த அனுபவம் உண்டா? பரீட்சை எழுதாமலும் படிக்கலாமா? தனியாகச் சொல்லித் தருவாரா, பிள்ளைகளுடன் சேர்த்து இருத்துவாரா?

கடைசிக் கேள்வி மானப் பிரச்சினை மட்டுமல்ல, சுருதிப் பிரச்சினையும்கூட. பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் ஆண்கள் ஒன்று முதல் இரண்டு கட்டையிலும் பாடுவார்கள். பிள்ளைகளுக்காக வைத்த சுருதியில் வளர்ந்த ஆண் ஒருவர் பாட முயன்றால் தொண்டைதான் நோகும். முதல் வகுப்பிலேயே உங்கள் குரலைக் கேட்டுச் சுருதியைத் தீர்மானிக்கும் ஆசிரியர் நல்ல ஆசிரியர்.

பாடம் மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசையில் தொடங்கும். பிறகு ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று வளரும். மூன்று காலத்திலும் வரிசைகளைப் பாடிப் பழக மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் சலித்து நின்றுவிடுபவர்கள் அதிகம். அடிப்படைப் பயிற்சியோடு ஒரு தேவாரத்தையோ எளிய பாடலையோ சொல்லித் தருவாரா என்று கேட்பதில் தவறில்லை. வரிசைகளை முற்றாக விட்டுவிட்டுப் பாட்டு மட்டும் சொல்லித் தருபவரிடம் கவனமாக இருங்கள்.

ஆசிரியர் அமையும் முன் வாத்தியம் வாங்க வேண்டாம். வயலின் பழகுவதாயின் வளர்ந்தவருக்கு முழு அளவு வயலின் தேவை. வீட்டில் பிள்ளை விட்டுச் சென்ற சிறிய வயலின் உதவாது. வாய்ப்பாட்டுக்குக் கைபேசியில் இலவசச் சுருதிப் பெட்டிச் செயலி ஒன்றே போதும்.

இணையவழி வகுப்பும் பயன் தரும், ஆனால் அதன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். ஒலி தாமதித்து வருவதால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. ஆசிரியர் பாடி நிறுத்தியபின் மாணவர் திருப்பிப் பாட வேண்டும். சுருதியை மாணவர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இலண்டனில் இரவு ஏழு மணி என்றால் யாழ்ப்பாணத்தில் நள்ளிரவை ஒட்டிய நேரம். ஆகவே புலம்பெயர்ந்தவர்களுக்கு வார இறுதிக் காலைதான் பொருந்தும்.

ஒரு மாதம் படித்துப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கட்டணம், வகுப்பு தவறினால் என்ன செய்வது என்பவற்றையும் அப்போதே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது. ஞாயிறன்று இரண்டு மணிநேரம் பாடுவதைவிட, தினமும் இருபது நிமிடம் பாடுவதே கைகொடுக்கும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலையைப் பெரியவர்களுக்கென ஒதுக்குங்கள். பரீட்சைக்காக அல்லாமல் பாட்டுக்காகவே வருகிற மாணவர்கள் அவர்கள்.