பாரசீகப் பேரரசும் களிமண் ஏடுகளும்

அட்டனிலும் நுவரெலியாவிலும் சம்பள நாளை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்து மக்கள் பசாருக்குச் செல்வது வழக்கம். ‘பசார்’ என்னும் சொல் பாரசீக மொழிக்குரியது. சர்க்கார், சிப்பாய், ஜமீன் என்பனவும் அம்மொழி தந்த சொற்களே. மலைநாட்டுப் பேச்சிலும் வந்து கலந்த அம்மொழிக்குரியோரின் முன்னோர் ஒரு காலத்தில் உலகம் கண்டிராத பேரரசொன்றை எழுப்பினர். அஃது எவ்வாறு உயர்ந்தது, எவ்வாறு சரிந்தது என்பது அறியத்தக்கது.

பண்டை ஈரானியரும் வேதம் ஓதிய வட இந்தியரும் ஒரே மொழிக் குடும்பத்தின் இரு கிளையினர். இருக்கு வேதத்தையும் ஈரானியரின் அவெஸ்தாவையும் ஒப்பிடுவோர்க்கு இது நன்கு விளங்கும். வடமொழியின் சகரம் ஈரானியத்தில் ஹகரமாக ஒலிக்கும். ‘சிந்து’ அங்கே ‘ஹிந்து’வாயிற்று, ‘அசுர’ என்பது ‘அஹுர’வாயிற்று. ஆயினும் பொருள் மாறியது. வட இந்தியர் பிற்காலத்தில் பகைவராகக் கருதிய அசுரரின் பெயரையே ஈரானியர் தம் முழுமுதற் கடவுளுக்குச் சூட்டினர்.

கி. மு. 550 அளவில் சைரஸ் என்னும் மன்னன் மீதியரை வென்று பாரசீகப் பேரரசுக்கு அடிகோலினான். கி. மு. 539 இல் பாபிலோன் அவன் வசமாயிற்று. அவன் மகன் கம்பைசஸ் கி. மு. 525 இல் எகிப்தைக் கைப்பற்றினான். கி. மு. 522 இல் அரியணையேறிய டேரியஸின் ஆட்சியில் சிந்து நதிக்கரை முதல் ஐரோப்பாவின் எல்லை வரை ஒரே ஆணை சென்றது. நாடு மாகாணங்களாக வகுக்கப்பட்டது. இன்ன மாகாணம் இவ்வளவு திறை செலுத்தவேண்டும் என்று விதிக்கப்பட்டது. பொன் நாணயம் வழங்கிற்று. சார்டிஸ் நகரிலிருந்து சூசா நகருக்கு அரச பாதை சென்றது. நடந்து செல்வோர்க்கு மூன்று மாதம் பிடிக்கும் அப்பாதையில் அரசனின் தூதர் குதிரை மாற்றி மாற்றிச் சில நாட்களிலேயே சென்றனர்.

இத்துணை வலிமையும் நிலைக்கவில்லை. கி. மு. 490 இல் மரதனிலும் 480 இல் சலாமிசிலும் கிரேக்கர் பாரசீகப் படையை வென்றனர். எனினும், பேரரசை அரித்தவை உள்நோய்களே. கி. மு. 465 இல் மன்னன் செர்க்சிஸ் தன் அரண்மனையிலேயே கொல்லப்பட்டான். அதன் பின்னர் அரச குடும்பத்தில் கொலைகள் தொடர்ந்தன. மாகாண அதிபர்கள் கிளர்ந்தெழுந்தனர். எகிப்து பிரிந்து சென்று ஏறத்தாழ அறுபதாண்டுகள் தனித்து நின்றது. திறையாக வந்த பொன் கருவூலங்களிற் குவிந்து கிடக்க, போருக்கோ கிரேக்கக் கூலிப்படையையே பெரிதும் நம்பவேண்டியதாயிற்று. அலெக்சாந்தர் கி. மு. 331 இல் கௌகமேலாவில் வெற்றி கொண்டான். மறு ஆண்டில் பெர்சிபொலிஸ் அரண்மனை தீக்கிரையானது. கடைசி மன்னனான மூன்றாம் டேரியஸ் தன் அதிகாரிகளின் கையாலேயே மாண்டான்.

அரண்மனை எரிந்தது, ஆனால் கணக்கு எஞ்சியது. 1933 இல் பெர்சிபொலிஸ் கோட்டைச் சுவரின் அறைகளில் ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் கிடைத்தன. அறிஞர் ரிச்சர்ட் ஹாலக் அவற்றுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றைப் படித்து 1969 இல் வெளியிட்டார். அவற்றில் மன்னரின் வீரச்செயல்கள் இல்லை. எகிப்து, பாபிலோன், கிரேக்கக் கரை முதலிய தொலை நாடுகளிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர்க்கு அளந்த தானியக் கணக்கே உள்ளது. பிள்ளை பெற்ற தாய்க்குத் தனிப்படி உண்டு. ஆனால் ஆண் பிள்ளையானால் பெண் பிள்ளைக்குரியதைப் போல் இரு மடங்கு. பெண்களுள் மேற்பார்வை செய்தோர் சிலர் சாதாரண ஆண் தொழிலாளரிலும் மிகுதியாகவே பெற்றனர். மேற்பார்வையாளரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. தொழிலாளர் பெரும்பாலும் எண்களாகவே நிற்கின்றனர்.

மலைநாட்டு மக்களுக்கு இது புதிய செய்தியன்று. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, காடு வழியே நடந்து வந்தோரின் வாழ்வும் செக்ரோலிலேயே எழுதப்பட்டது. ஒரு நாள் வேலை ‘ஒரு பேர்’. வேலை குறைந்தால் ‘அரைப் பேர்’. தோட்டம் கொடுத்த அரிசியின் விலை சம்பளத்திற் பிடிக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்துக்குச் சமமாக 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. செக்ரோலில் நாள்தோறும் பேர் விழுந்த அம்மக்களிற் பெரும்பாலோரின் பெயர், 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டின் குடிமக்கள் வரிசையில் இடம்பெறவில்லை. எஞ்சி நின்றோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று.

பெர்சிபொலிஸின் தூண்களைக் காண இன்றும் பலர் செல்கின்றனர். அத்தூண்களை நிறுத்தியவர் எவ்வளவு உண்டனர் என்பதைக் கைப்பிடியளவான களிமண் துண்டுகள் கூறுகின்றன. அவர்களின் பெயர்களையோ அவை கூறவில்லை. மலைநாட்டிற் பழைய செக்ரோலும் பிரசவப் பதிவும் இன்னும் இருக்கும் தோட்டங்களில், அவற்றைக் கறையானுக்கு இரையாக்காது பேணுதல் வேண்டும். பிற்காலத்தார் இம்மக்களைப் பெயர் சொல்லி அறிய அவையே துணை.